செலவு யாருடையது, இன்பம் யாருடையது: தென் திருவிதாங்கூர் எல்லைக் கிராமங்களில் பணமும் அறமும்

பணத்தை நல்ல வழியில் செலவிடுவது பற்றிய தமிழ்ச் சிந்தனை துய்ப்பை விலக்கி வைத்ததில்லை. திருக்குறளின் 101-ஆம் அதிகாரமான 'நன்றியில் செல்வம்' பிறருக்குக் கொடுக்காத செல்வரைக் கண்டிக்கிறது. தாமும் அனுபவிக்காமல் பூட்டி வைப்பவரையும் அதே மூச்சில் கண்டிக்கிறது. ஒப்புரவறிதலும் ஈகையும் இல்லறவியலில் 22, 23-ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து நிற்கின்றன. துறவுக்கென்று தனி இயல் வகுத்த நூல், குடும்பத்தில் இருப்பவரிடம் துய்ப்பையும் கொடையையும் ஒருங்கே எதிர்பார்க்கிறது. உண்பதும் உடுப்பதும் விழா எடுப்பதும் குற்றமாவதில்லை. அந்த இன்பத்துக்கு விலை கொடுப்பவர் யார் என்ற இடத்தில்தான் அறத்தின் கேள்வி எழுகிறது.

இந்தக் கேள்வியைக் கண்கூடாகத் தொடர்ந்து பார்க்கக் கூடிய வட்டாரங்களில் காரக்கோணம் ஒன்று. திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தில், குன்னத்துகால் ஊராட்சியில் உள்ள ஊர் இது. பாறசாலை, தனுவச்சபுரம், உதியன்குளங்கரை, வெள்ளறடை ஆகியவை அக்கம்பக்கத்து ஊர்கள். சிறிது தூரம் நடந்தால் கன்னியாகுமரி மாவட்டம். 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதுவரை இரண்டு பக்கமும் ஒரே ஆட்சிப் பரப்பு; நெடுங்காலம் திருவிதாங்கூர். ரப்பர், ஏத்தன் வாழை, மரச்சீனி, தென்னை ஆகிய பயிர்களும், திருமண உறவும், சந்தையும் இன்றும் எல்லையைக் கவனிப்பதில்லை. அரசின் தர்மம், கோயில் சீர்திருத்தம், சபைக் காணிக்கை, கலியாணச் செலவு, லாட்டரி, மது என்று செலவு பற்றிய பெரிய விவாதங்கள் எல்லாம் இந்தச் சிறிய நிலப்பரப்பில் நடந்திருக்கின்றன. சுமையைச் சுமந்தவருக்கு இன்பத்தில் பங்கு கிடைத்ததா என்று ஒவ்வொன்றிலும் கேட்டுப் பார்த்தால், நல்ல செலவையும் கெட்ட செலவையும் ஓரளவு தெளிவாகப் பிரித்தறிய முடிகிறது.

தர்ம அரசின் செலவு

மார்த்தாண்ட வர்மா 1750-இல் நாட்டைப் பத்மநாப சுவாமிக்கு ஒப்படைத்த பிறகு, திருவிதாங்கூர் மன்னர்கள் இறைவனின் அடிமையாக நின்று ஆள்வதாகச் சொல்லிக்கொண்டார்கள். அக்காலத்தில் தொடங்கிய முறஜபம் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. 56 நாள் வேதம் ஓதி, லட்சதீபத்தோடு முடிவது. இது தவிர நாடெங்கும் ஊட்டுப்புரைகள் இருந்தன. அவற்றில் பிராமணர்களுக்கு அரசு இலவசமாகச் சாப்பாடு போட்டது. தர்ம பூமி என்ற பெயர் நாட்டுக்கு வந்தது இதனால்தான். லண்டன் மிஷன் ஊழியரான சாமுவேல் மட்டீர் திருவிதாங்கூர் பற்றி 1871-இல் வெளியிட்ட ஆங்கில நூலுக்கு அந்தப் பெயரையே தலைப்பாக வைத்தார். அந்தத் தர்மம் யாரைச் சென்றடைந்தது என்றும் அதில் விரிவாகக் கேட்டார்.

கேட்க வேண்டிய கேள்விதான் அது. விருந்துக்கான பொருள் வரியிலிருந்தும் ஊழியத்திலிருந்தும் வந்தது. ஊழியம் என்பது கூலியில்லாத கட்டாய வேலை. நாடார், ஈழவர், புலையர், பறையர் முதலிய சாதியார் ஓலை, விறகு, காய்கறி, வைக்கோல் என்று அரசுக்கும் கோயிலுக்கும் தேவையானவற்றைச் சுமந்து கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. 1855 வரை நாட்டில் அடிமை முறை சட்டப்படியே இருந்தது. இவர்களுக்கு ஊட்டுப்புரையில் இலை போடப்படவில்லை. கோயில் தெருவில் நடக்கவும் உரிமை இல்லை. கோயில் வாசல் திறந்தது 1936 நவம்பர் 12-ஆம் நாள் பிரகடனத்தால்தான். லட்சம் விளக்குகள் ஒருசேர எரியும் காட்சியின் அழகை மறுக்க வேண்டியதில்லை, பக்தியைச் சந்தேகிக்கவும் தேவையில்லை. ஆனால் எண்ணெய் கொடுத்தவர் விளக்கைப் பார்க்க முடியாத திருவிழாவை நல்ல செலவு என்று எந்தக் கணக்கிலும் எழுத இயலாது.

இதற்கு உள்ளிருந்தே எழுந்த முதல் பெரிய மறுப்பு சாமித்தோப்பிலிருந்து வந்தது. 1833 முதல் அங்கே போதித்த அய்யா வைகுண்டர் ஆடு கோழி பலியையும் காணிக்கை நேர்ச்சைகளையும் வேண்டாம் என்றார். பல சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் இறைத்தார்கள், ஒரே பந்தியில் உண்டார்கள். ஏழைகளின் கைப்பொருளைக் கரைக்கும் வழிபாட்டை நிறுத்தி, அதே ஏழைகள் சேர்ந்து உண்ணும் வழிபாட்டை அவர் வைத்தார். அவர் 1851-இல் மறைந்த பின்னரும் அவர் வழிவந்தோரின் வழிபாட்டு இடங்களான நிழல்தாங்கல்கள் விளவங்கோட்டிலும் அதற்கு வடக்கேயும் பரவின.

அருவிப்புறத்தின் சிக்கனம்

நெய்யாற்றங்கரையில் உள்ள அருவிப்புறத்தில் 1888 சிவராத்திரியன்று நாராயண குரு சிவனைப் பிரதிஷ்டை செய்த செய்தி பலரும் அறிந்தது. அதை ஒட்டி வளர்ந்த அமைப்பின் கதை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. அமாவாசை நாளில் முன்னோருக்குத் திதி கொடுக்க வருபவர்களுக்குச் சோறு போட அங்கே வாவூட்டு யோகம் என்ற சிறு கூட்டமைப்பு இருந்தது. வாவூட்டு என்றால் அமாவாசை ஊட்டு. அதிலிருந்து அருவிப்புறம் க்ஷேத்திர யோகமும், 1903-இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமும் உருவாயின. கேரள வரலாற்றின் மிகப் பெரிய சமூக இயக்கங்களில் ஒன்றுக்கு வேர், ஒன்றாகப் பணம் போட்டு ஒன்றாகச் சோறு உண்ட ஒரு பந்தியில் இருக்கிறது. அரசு நடத்திய ஊட்டில் இடமில்லாதவர்கள் தங்களுக்கென்று நடத்திக்கொண்ட ஊட்டு அது.

மருத்துவாமலையில் தவமிருந்தவர், தமிழிலும் பாடல்கள் இயற்றியவர் என்பதால் குமரிப் பக்கத்துக்கும் குரு அந்நியர் அல்லர். குடும்பங்களைக் கடனில் தள்ளிய சடங்குகளை அவர் பெயர் சொல்லியே எதிர்த்தார். பருவம் வராத சிறுமிகளுக்கு நாள்கணக்கில் விருந்து வைத்து நடத்தப்பட்ட தாலிகெட்டுக் கலியாணம், பூப்பெய்தியதும் நடக்கும் திரண்டுகுளி, கர்ப்ப காலத்துப் புளிகுடி ஆகிய மூன்றும் வீட்டு மானத்தின் அடையாளங்களாகக் கருதப்பட்டவை. மூன்றையும் கைவிடச் சொன்னார். மணமக்கள், பெற்றோர், தோழர், தோழி, சடங்கு நடத்துபவர், சாட்சிகள் என்று பத்துப் பேர் போதும், அதுதான் கலியாணம் என்றார். கோயில் திருவிழாவில் யானைக்கும் வாணவேடிக்கைக்கும் போகும் பணம் படிப்புக்கும் தொழிலுக்கும் போகட்டும் என்பதும் அவர் கருத்து.

இதைத் துறவியின் கடுமை என்று படித்தால் தவறாகிவிடும். தாம் கண்ட கோயில்களில் தோட்டமும் நூலகமும் வேண்டும் என்று விரும்பியவர் அவர். அவர் வெட்டியது அக்கம்பக்கத்தாரின் வாய்க்கு அஞ்சி, விருப்பமில்லாமல் செய்யப்படும் செலவை. அத்தகைய செலவில் வீட்டாருக்கு மகிழ்ச்சி இராது. கடன் மட்டுமே மிஞ்சும். 1921-இல் கள்ளை இறக்காதே, கொடாதே, குடிக்காதே என்ற பொருளில் அவர் விடுத்த செய்தி இன்னும் கடினமானது. கள்ளிறக்குவதைப் பிழைப்பாகக் கொண்ட குடும்பங்கள் நிறைந்த சமுதாயத்திடம், சொந்த வருமானத்தையே அறத்தின் பெயரால் விடச் சொன்னார். பலர் விடவில்லை. சொன்னதன் கனம் அதனால் குறைந்துவிடவில்லை.

பிடி அரிசியும் ஏலமும்

லண்டன் மிஷன் இப்பகுதியில் வேரூன்றியது 1806-இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே காலத்தில். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜான் ஆப்ஸ் பாறசாலையில் தங்கிப் பணியாற்றினார். சபைகளில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கையில் காசில்லாதவர்கள். கூலி நெல்லாகவும் பனைவெல்லமாகவும் வந்த காலம். அப்படிப்பட்ட வீட்டில் காணிக்கை எங்கிருந்து எடுப்பது? இதற்குப் பெண்கள் கண்ட வழி பிடி அரிசி. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலத்தில் போடுவார்கள். அது சேர்ந்ததும் ஆலயத்துக்குப் போகும். அங்கே விற்றுப் பணமாகும். பள்ளி நடத்தவும், உபதேசியார் சம்பளத்துக்கும், இல்லாத வீட்டுக்கு உதவவும் அந்தப் பணம் பயன்பட்டது. சமையலறை பெண்ணின் ஆட்சிக்குட்பட்ட இடம் என்பதால், கணவன் கைச்சம்பாத்தியத்தில் உரிமையில்லாத பெண்ணும் கொடையாளியானாள். இந்த வழக்கம் கிறிஸ்தவர்களோடு நிற்கவில்லை. 1914-இல் தொடங்கிய நாயர் சர்வீஸ் சொசைட்டிக்காக மன்னத்து பத்மநாபனும் வீடு வீடாகப் பிடி அரிசி திரட்டியே பள்ளிகளுக்கு அடித்தளம் இட்டார்.

பிடி அரிசியில் துய்ப்பும் கொடையும் ஒரே பானையிலிருந்து வருகின்றன. சாப்பாடு நிற்பதில்லை, ஒரு பிடி குறைகிறது. குறைந்ததைப் பட்டினி என்று யாரும் உணராத அளவு அது. பெரிய தியாகங்களைக் கேட்கும் அறத்தைவிடத் தினமும் இரண்டு வேளை கேட்கும் இந்த அறம் அதிகம் கட்டியெழுப்பியிருக்கிறது. எல்லையின் இரு பக்கமும் உள்ள பல ஆலயங்களும் பள்ளிகளும் இப்படிச் சேர்ந்த சில்லறையில் எழுந்தவை.

கொடுப்பதே கொண்டாட்டமாக மாறும் இடம் அறுப்புப் பண்டிகை ஏலம். ஏத்தன் குலை, மரச்சீனி, சேனை, தேங்காய், சக்கை, கோழி, வீட்டில் செய்த பலகாரம் என்று சபையார் தங்கள் விளைச்சலின் முதல் பங்கைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஆலய முற்றத்தில் ஏலம். ஏலம் கூறுபவர் குரல் வளமும் சமயோசிதமும் உள்ளவராக இருப்பார். சந்தையில் சில பத்து ரூபாய்க்குப் போகும் தேங்காய் இங்கே பல மடங்குக்குப் போகும். இரண்டு உறவினர் போட்டி போட்டு விலையை ஏற்றுவதும், வாங்கிய குலையை அப்படியே திருப்பிக் கொடுத்து மறு ஏலத்துக்கு விடச் சொல்வதும், பிள்ளைகள் ஒரு பொட்டலம் பலகாரத்துக்காகத் தகப்பனைக் கை தூக்கச் சொல்லி இழுப்பதும் உண்டு. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் விடுமுறையில் வந்திருந்தால் ஏலம் இன்னும் சூடு பிடிக்கும். தேங்காயின் விலையைத் தாண்டிக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் காணிக்கை என்பது எல்லோருக்கும் தெரியும்.

பெருமை காட்டும் இடம் இது என்ற குறை சொல்லப்படுவதுண்டு. அதில் உண்மை உள்ளது. அதிகம் கேட்க முடியாதவர் பின்வரிசையில் நிற்க நேர்கிறது. ஆனாலும் கலியாணப் பெருமைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. ஏலத்தில் பெருமைக்கு விலை கொடுப்பவர் தாமே விரும்பிக் கொடுக்கிறார், கைக்காசு முடிந்தால் நிறுத்திக்கொள்கிறார், பணம் ஊரின் பொதுக் கணக்கில் விழுகிறது. சிரிப்பு அங்கிருக்கும் எல்லோருக்கும் கிடைக்கிறது. செலவின் சுமையும் இன்பமும் ஒரே முற்றத்தில் இருக்கும் அரிய ஏற்பாடு இது.

மலையேறிய மருத்துவர்

காரக்கோணத்தில் 2002-இல் தொடங்கிய தென்னிந்தியத் திருச்சபை மருத்துவக் கல்லூரி டாக்டர் சாமர்வெல்லின் பெயரைத் தாங்கியிருக்கிறது. தியடோர் ஹோவர்ட் சாமர்வெல் 1890-இல் இங்கிலாந்தின் கெண்டால் நகரில், காலணித் தொழிலில் செழித்த குடும்பத்தில் பிறந்தவர். முதல் உலகப்போரில் சோம் போர்க்களத்தில் காயம்பட்டவர்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர். மலையேற்றம், நீர்வண்ண ஓவியம், இசை மூன்றிலும் தேர்ந்தவர். இன்பம் என்றால் என்னவென்று நன்றாக அறிந்த மனிதர்.

1922-இல் எவரெஸ்ட் பயணத்தில் கலந்துகொண்டார். ஜூன் 7 அன்று வடக்குக் கணவாய்ச் சரிவில் பனி சரிந்து ஏழு சுமையாளர்கள் இறந்தார்கள். அதே சரிவில் ஏறிக்கொண்டிருந்த வெள்ளையர் யாரும் சாகவில்லை. மலையேறுபவர்களின் ஆசைக்கு விலை கொடுத்தவர்கள் அந்த மலையை ஏற ஆசைப்படாதவர்கள் என்ற உண்மை சாமர்வெல்லைக் கடுமையாகத் தாக்கியது. அதைப் பற்றி அவர் பின்னாளில் மறைக்காமல் எழுதினார். பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்த்தபோது நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு வந்தார். ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838-இல் மருத்துவப் பணியைத் தொடங்கிய இடம் அது. காத்திருந்த நோயாளிக் கூட்டமும், அறுவைக்குத் தகுதி பெற்ற ஒரே மருத்துவரான ஸ்டீபன் பியூவின் களைப்பும் அவர் முடிவை மாற்றின. லண்டனில் கிடைக்கவிருந்த பதவியை விட்டுவிட்டு 1923-இல் நெய்யூருக்கு வந்தார். ஏறத்தாழ கால் நூற்றாண்டு அங்கே பணியாற்றினார். பிறகு 1961 வரை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார். மரச்சீனியும் மிளகாயும் அன்றாட உணவாக இருந்த இப்பகுதியில் குடற்புண் பரவலாக இருந்தது. அதற்கான அறுவையிலும் ஆய்விலும் அவர் பெயர் பெற்றார்.

நெய்யூருக்கு வந்த மறு ஆண்டே மீண்டும் எவரெஸ்ட் போனார். 1924 ஜூன் 4 அன்று சக மலையேறி நார்ட்டனுடன், செயற்கைப் பிராணவாயு இல்லாமல் சுமார் 28,000 அடி உயரம் வரை ஏறினார். நார்ட்டன் 28,126 அடியை எட்டினார். அதன் பின்னும் விடுமுறைகளில் இமயத்துக்குப் போனார், கடைசிவரை வரைந்தார். சேவைக்கு வந்த பிறகு தம் இன்பங்களை அவர் எரித்துவிடவில்லை. வாழ்நாளின் வேலைநாட்களை ஓரிடத்தில் கொடுத்துவிட்டு, மிச்ச நாட்களை மகிழ்ச்சியாகச் செலவிட்டார். தியாகி என்று அவரைப் போற்றும் உரைகள் இந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. அவருடைய வாழ்க்கையில் கற்றுக்கொள்ள அதிகம் இருப்பதோ இந்தப் பாதியில்தான்.

மகளின் பங்கு

இவ்வட்டாரத்தில் ஒரு குடும்பம் செய்யும் மிகப் பெரிய செலவு இன்றும் பெண்ணின் கலியாணம். நகை, ரொக்கம், விருந்து எல்லாம் சேர்ந்து பல ஆண்டுச் சேமிப்பை விழுங்குகிறது. சிட்டி எனப்படும் சீட்டு நிதியில் சேர்வதும் பெரும்பாலும் இதற்காகவே. கேரள அரசு 1969-இல் தொடங்கிய கே.எஸ்.எஃப்.இ. நிறுவனத்தின் சிட்டிகள் இக்கிராமங்களில் வீட்டுக்கு வீடு தெரியும். சீதனம் வாங்குவதும் கொடுப்பதும் 1961 சட்டப்படி குற்றம் என்றாலும் வழக்கம் நிற்கவில்லை.

இதை ஆடம்பர மோகம் என்று மட்டும் ஒதுக்கினால் காரணம் விளங்காது. 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் மகளுக்கு மகன் பங்கில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. சீதனம் வாங்கியிருந்தால் அதுவும் இல்லை. மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-இல் அளித்த தீர்ப்புக்குப் பிறகே மகளுக்குச் சம பங்கு உறுதியானது. கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றும் அதே பழைய சட்டத்தில் இருக்கிறது. நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம், சிறயின்கீழ், கொல்லம், கருநாகப்பள்ளி முதலிய வட்டங்களில், ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிடும் மரபுடைய லத்தீன் கத்தோலிக்கர் சிலருக்கும் புராட்டஸ்டன்ட் பிரிவினர் சிலருக்கும் அந்தக் குறுக்கல் பொருந்தாது என்று விலக்கு அளித்திருந்தது. ஆக, மகளுக்குச் சம பங்கு இந்த மண்ணுக்குப் புதிதன்று. பெண்ணுக்குச் சொத்தில் உரிமை மெலிந்த இடங்களில் கலியாண நாள்தான் அவளுக்குக் கொடுக்கக் கூடிய ஒரே நாளாகிறது. கொடுத்ததும் அவள் கையில் நிற்பதில்லை. பெற்றோர் சுமக்கிறார்கள், மாமியார் வீடு பெறுகிறது, யார் பெயரால் செலவு நடந்ததோ அவளுக்கு நகைப்பெட்டியின் சாவி கூடக் கிடைப்பது உறுதியில்லை. குருவின் பத்துப் பேர் கலியாணம் இன்று நினைக்கவே முடியாததாகத் தோன்றுவது பெரிய இழப்பு.

எல்லையின் இரு சட்டங்கள்

இன்பத்தை விற்பதில் இரண்டு மாநில அரசுகளும் எதிரெதிர் முடிவுகள் எடுத்திருக்கின்றன. கேரளம் 1967-இல் லாட்டரித் துறையைத் தொடங்கியது. ஒரு ரூபாய்ச் சீட்டு, முதல் பரிசு 50,000 ரூபாய், முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26. தமிழ்நாடும் 1968-இல் தொடங்கியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற முழக்கம் அக்காலத்தது. 2003 ஜனவரியில் தமிழ்நாடு லாட்டரியை முழுவதும் தடை செய்தது. அதே ஆண்டு நவம்பரில் மதுச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் மூலம் அரசே ஏற்றது. கேரளமோ 1996 ஏப்ரல் 1 முதல் சாராயத்தைத் தடை செய்து, மற்ற மதுவைத் தானே விற்றுக்கொண்டு, மாதத்தின் முதல் தேதியில் கடையை மூடுகிறது. களியக்காவிளைச் சோதனைச் சாவடிக்கு ஒரு பக்கம் குற்றமாக இருப்பது மறுபக்கம் அரசு வருமானம். லாட்டரிக்காக வடக்கே வருவதும், முதல் தேதியில் மதுவுக்காகத் தெற்கே போவதும் எல்லை வாழ்க்கையில் சகஜம்.

மதுவின் கணக்கு எளிது. குடிப்பவர் ஒருவர், விலை கொடுப்பது வீடு முழுவதும். லாட்டரியின் கணக்கு சிக்கலானது. சீட்டு வாங்கும் கூலித் தொழிலாளி குலுக்கல் வரை ஒரு நம்பிக்கையை வாங்குகிறார். அதை அற்பம் என்று சொல்ல வசதியாக வாழ்பவருக்கு உரிமை குறைவு. மாற்றுத்திறனாளிகள் பலருக்குச் சீட்டு விற்பனையே பிழைப்பு. 2022-இல் திருவோணம் பம்பரின் முதல் பரிசு 25 கோடி ரூபாயாக உயர்ந்தது, சீட்டின் விலை 500 ரூபாய். ஒரு நாள் கூலியில் பாதிக்கு மேல் ஒரு சீட்டுக்குப் போகும்போது, நம்பிக்கை என்ற சொல்லை எச்சரிக்கையோடுதான் பயன்படுத்த வேண்டும்.

நிதியமைச்சராக இருந்த கே. எம். மாணி 2011-இல் காருண்யா லாட்டரியைக் கொண்டுவந்து, அதன் வருவாயைப் புற்றுநோய், சிறுநீரக நோய், இதய நோய், ஹீமோபிலியா ஆகியவற்றால் வாடும் ஏழைகளின் சிகிச்சைக்கு ஒதுக்கினார். பந்தயப் பணம் மருந்தானது. பிடி அரிசியின் பெரிய வடிவம் என்று இதைப் பலர் போற்றினார்கள். ஒப்புமை பாதி பொருந்துகிறது: இங்கும் எளியவரின் சில்லறைதான் எளியவருக்குப் போகிறது. பிடி அரிசி எடுத்தவள் தன் பானையில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து எடுத்தாள். சீட்டு வாங்குபவருக்கு அப்படி ஓர் அளவு இல்லை. மேலும், காருண்யா உதவி கேரளக் குடும்பங்களுக்கு உரியது. பாறசாலைக்கு வந்து சீட்டு வாங்கும் விளவங்கோட்டுக்காரரின் பணமும் அதே நிதியில்தான் விழுகிறது. அவர் வீட்டில் ஒருவர் நோயில் விழுந்து, எல்லை தாண்டிக் காரக்கோணம் மருத்துவமனைக்கு வந்தால், அந்த நிதியிலிருந்து அவருக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது.